ஒரு லூஸ் போல்ட்டும் ஒரு பக்க சர்டிபிகேட்டும்

முதலில் தென்னாப்பிரிக்காவில் என் மசாலா ஃபேக்டரிக்கு ஆன நஷ்டக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2,87,000 ரேண்ட். அப்போதைய மதிப்பில் ஊர்க்காசில் 12, 13 லட்சம். அதோடு 23 வேலை நாள் போச்சு, ஜோகன்னஸ்பர்க் கடைக்காரர் ஒருவரின் மாதாந்திர ஆர்டர் போச்சு, வீட்டில் இரண்டு மாதம் யாரும் யாரோடும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் மின் பெட்டிக்குள் ஒரு சின்ன போல்ட்டை யாரோ முறுக்காமல் விட்டதால் வந்தது. போல்ட்டை முறுக்காதவன் யாரோ, அவனைக் கூப்பிட்டு வந்தவன் நான். அதனால் நான் எங்கெல்லாம் கோட்டை விட்டேன் என்று வரிசையாக எழுதுகிறேன். இங்கே கடை, பேக்கரி, சின்னத் தொழிற்சாலை என்று ஆரம்பிக்க நினைக்கும் நம் ஆட்கள் சிலராவது ஒயரிங் வேலை கொடுப்பதற்கு முன்னால் படித்தால் போதும்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். டர்பனுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. மசாலா அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறோம். 1860-இலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். தமிழ் பேசுகிறவர்கள் குறைவு, ஆனால் நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது, மிளகாய் கொஞ்சம் தூக்கலாக இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். இந்த ஊர்ச் சந்தையில் மாமியார் மசாலா என்றே ஒரு ரகம் உண்டு, காரம் எப்படி என்று பெயரிலேயே தெரிந்துவிடும். 2022 ஏப்ரலில் இங்கே பெரிய வெள்ளம் வந்தது நினைவிருக்கும், நானூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆற்றை ஒட்டியிருந்த எங்கள் வாடகை இடத்தில் இடுப்பளவு தண்ணீர். மூட்டை மூட்டையாக மல்லியும் சீரகமும் ஊறி முளைவிட்டுக் கிடந்தன. அந்த வருடம் முழுக்க வீட்டு கராஜில் அரைத்து ஓட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் தும்மித் தும்மி, கடைசியில் சிரித்துக்கொண்டே எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

2023 ஜனவரியில் டர்பனுக்குப் பக்கத்தில் டோங்காட்டில் ஒரு பழைய கட்டடம் கிடைத்தது. முன்பு துணி தைக்கும் தொழிற்சாலையாக இருந்த இடம். உயரமான கூரை, லாரி வந்து நிற்க வசதி, வாடகையும் கட்டுப்படியாகிற மாதிரி. ஆனால் உள்ளே இருந்த ஒயரிங் தையல் மெஷினுக்கும் டியூப் லைட்டுக்கும் போட்டது. எனக்கோ 22 கிலோவாட்டில் ஒரு அரவை மெஷின், 15 கிலோவாட்டில் இரண்டு, வறுக்கும் டிரம், நாலு பேக்கிங் மெஷின், ஒரு சின்ன குளிர் அறை. 22 கிலோவாட் மோட்டார் ஒன்றே ஓடும்போது 40 ஆம்பியர் சுமாருக்கு இழுக்கும். கட்டடத்துக்கு வந்திருந்தது 100 ஆம்பியர் த்ரீ ஃபேஸ். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் அதற்கு மேல் போய்விடும். இந்தக் கணக்கெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது, த்ரீ ஃபேஸ் இருக்கிறது, நல்ல இடம், அவ்வளவுதான். கட்டடச் சொந்தக்காரர் ஒரு பழைய மின் தகுதிச் சான்றிதழையும் காட்டினார். இங்கே அதைச் சிஓசி என்பார்கள். 2011-இல் கொடுத்தது. சான்றிதழ் இருக்கிறதல்லவா என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2009-இல் வந்த மின் நிறுவல் விதிமுறைகளின்படி, ஒரு கட்டடத்தின் ஒயரிங் பாதுகாப்பாக இருப்பதற்குப் பொறுப்பு அதைப் பயன்படுத்துகிறவரோ வாடகைக்கு விடுகிறவரோதான். கான்ட்ராக்டர் தலையில் கட்டிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. பொறுப்பு வாடகைக்கு இருப்பவருக்கு மாறியிருக்கிறது என்றால் அதை இரண்டு பேரும் எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். என் வாடகை ஒப்பந்தத்தில் பெயின்ட் யார் அடிப்பது என்று ஒரு பத்தி இருந்தது, கரண்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய சிஓசி இருந்தாலும், ஒயரிங்கில் புதிதாக எதையாவது சேர்த்தாலோ மாற்றினாலோ அந்த வேலைக்குத் தனியாகச் சிஓசி வாங்க வேண்டும், கூடவே சோதனை அறிக்கையும் இருக்க வேண்டும். அறிக்கை இல்லாத சிஓசி வெறும் தாள். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது எல்லாம் எரிந்த பிறகு, இரவு இரண்டு மணிக்கு, போன் வெளிச்சத்தில்.

கான்ட்ராக்டரைக் கண்டுபிடித்த கதை எல்லோருக்கும் நடக்கிற கதைதான். முந்தைய ஆடி மாதம் கோயிலில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும்போது பழக்கமானவர். முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்செல்லாம் இங்கிலீஷ், ஆனால் வாய் நிறைய அண்ணா அண்ணா என்பார். "அண்ணா, உங்க ஃபேக்டரி, என் ஃபேக்டரி மாதிரி." இதைச் சொன்னால் நாம் விழுந்துவிட மாட்டோமா? மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் 2,60,000 சொன்னார், எட்டுப் பக்கம், கேபிள் என்ன சைஸ், எத்தனை மீட்டர், எந்த பிரேக்கர் என்று வரிவரியாக. இன்னொருவர் வரவே இல்லை. கோயில் தம்பி 1,85,000 சொன்னார், ஒரே பக்கம், அதிலும் ஒரே வரி: பேசியபடி மின்வேலை முழுவதும், பொருளோடு. அந்த எட்டுப் பக்கக்காரர் பெரிய ஆபீஸ் வைத்திருக்கிறார், அதற்கும் சேர்த்துப் போடுகிறார் என்று என் மனைவியிடம் விளக்கம் வேறு சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "பேசியபடின்னா, என்ன பேசினீங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை, கோபம்தான் வந்தது.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இது. கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் ஒரு தாளில் உங்கள் மெஷின் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோவாட், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, எது எதோடு சேர்ந்து ஓடும், எது ராத்திரியும் ஓடும். மெஷின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்தால் பாதி வேலை முடிந்தது. அதே தாளை எல்லோருக்கும் கொடுங்கள். அப்போதுதான் 1,85,000-ஐயும் 2,60,000-ஐயும் ஒப்பிட முடியும், இல்லாவிட்டால் மாம்பழ விலையையும் மாமரத்தின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கதைதான். நான் ஒப்பிட்டது இரண்டு எண்களை மட்டும். பின்னால் தெரிந்தது, கோயில் தம்பியின் விலையில் குளிர் அறைக்கான லைனே கிடையாது.

அட்வான்ஸ் அறுபது சதவீதம் கேட்டார், 1,11,000. கேபிள் விலை ஏறுகிறது அண்ணா, இன்றைக்கே வாங்கிப்போட வேண்டும் என்றார். கொடுத்தேன். கேபிள் வந்தது மூன்று வாரம் கழித்து. ஆட்கள் ஒரு நாள் வருவார்கள், இரண்டு நாள் வர மாட்டார்கள். அவர் வருவது பணம் கேட்கும் வாரங்களில்தான். அரவை ரூமுக்குள்ளேயே டிபி போர்டை, அதாவது எல்லா லைனும் பிரிகிற மெயின் பெட்டியை, மாட்டினார்கள், சாதாரணத் தகரப் பெட்டி, கீழே கேபிள் நுழைகிற ஓட்டையை அடைக்கும் கிளாண்ட்கூட இல்லை. மிளகாய்த் தூள் பறக்கும் இடம் அது, ஒரு மணி நேரம் ஓட்டினால் மேஜை மேல் விரலால் பெயர் எழுதலாம். எனக்கே உறுத்தியது. கேட்டேன். பெட்டி சாத்தியிருக்கும் அண்ணா, ஒன்றும் ஆகாது என்றார். இங்கிருக்கும் சப்ளை போதுமா என்றும் கேட்டேன். கூட்டித்தரச் சொல்லி விண்ணப்பம் போட்டாகிவிட்டது, நம்பர் இதுதான் என்று ஒரு எண்ணை அனுப்பினார். நான் அந்த எண்ணைச் சரிபார்க்கவில்லை. மாதங்கள் கழித்து மின் அலுவலகக் கவுன்டரில் போய்க் கொடுத்தபோது, அது வேறு யாரோ ஒருவர் வீட்டு மீட்டர் புகாரின் எண் என்றார்கள். என் பெயரில் விண்ணப்பமே இல்லை. இந்தச் சரிபார்ப்புக்கு எனக்கு ஆன நேரம் பதினைந்து நிமிடம்.

மார்ச் மாதம் கரண்ட் கொடுத்து மெஷின் ஓட ஆரம்பித்தது. சர்டிபிகேட் எங்கே என்று நாலைந்து தடவை கேட்ட பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் போட்டோவாக வந்தது. முத்திரை, கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருந்தது. ஒரிஜினல் அடுத்த வாரம் என்றார். மீதி 36,000-ஐ நான் ஏதோ ஒரு புத்தியில் பிடித்து வைத்துக்கொண்டேன், அது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்தது. மொத்தத்தில் கொடுத்தது 1,49,000.

அப்புறம் மே மாதம். 2023-இல் இங்கே லோட் ஷெட்டிங் எந்த அளவுக்கு இருந்தது என்று இங்கிருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், அட்டவணை போட்டு ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம், மோசமான நாட்களில் அது போல மூன்று நாலு தடவை. கரண்ட் போவதில் ஆபத்தில்லை, திரும்பி வருகிற அந்த நொடிதான் ஆபத்து. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. குளிர் அறை, லைட்டுகள், பேக்கிங் மெஷின்களின் சீல் போடும் ஹீட்டர்கள், எல்லாமே ஸ்விட்ச் போட்டபடி இருந்தன, எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தன. முதலில் நான் பார்த்தது லைட்டை. வாசல் பக்க டியூப் லைட்டுகள் எல்லாம் வெள்ளை வெளேர் என்று கண்கூசும் அளவுக்கு எரிந்தன, ஆபீஸ் பக்க பல்பு சிவந்து மங்கி மெழுகுவர்த்தி மாதிரி. ஒரு நொடி நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன், நிஜமாகவே அப்படி நினைத்தேன். பிறகு பேக்கிங் மெஷின் ஒன்றின் உள்ளிருந்து பட்டாசு மாதிரி ஒரு சத்தம், அடுத்தது, அதற்கடுத்தது. கேமரா பெட்டி, கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக் தராசு, குளிர் அறையின் கன்ட்ரோலர். எங்களிடம் வேலை பார்க்கும் ஒரு அம்மா ஜூலு மொழியில் ஏதோ கத்திக்கொண்டே ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இழுத்துவிட்டார். நான் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அவர் மட்டும் இழுக்காவிட்டால் கட்டடமே மிஞ்சியிருக்காது என்று பின்னால் வந்த எலக்ட்ரீஷியன் சொன்னார். யாருக்கும் காயமில்லை.

கோயில் தம்பிக்குப் போன் போட்டேன். லோட் ஷெட்டிங் சர்ஜ் அண்ணா, எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றார். வந்து பார்க்கிறேன் என்றார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

யாரோ சொல்லி ஒரு பெரியவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது மகனோடு சேர்ந்து கான்ட்ராக்ட் எடுக்கிறார். இந்த ஊரில் வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் அங்கிள்தான். அங்கிள் வந்ததும் மெஷின் எதையும் பார்க்கவில்லை. எல்லா லைனையும் பிரித்துவிட்டு, நாலு பழைய பல்புகளை மட்டும் மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போட்டு, மெயினைக் கொடுத்து மீட்டரை வைத்தார். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 318 வோல்ட், இன்னொன்றில் 290, மூன்றாவதில் 120. மூன்றிலும் 230 இருக்க வேண்டும். மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார், ஒன்றும் பேசவில்லை. மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, போர்டின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு அங்குலத்துக்குச் சிவப்பாக மிளகாய்த் தூள். அதற்கு நடுவே கறுப்பு நியூட்ரல் கேபிள், முனையில் இன்சுலேஷன் பழுப்பாக உருகி ஒழுகியிருந்தது. போல்ட்டின் தலை நீலம் பாரித்திருந்தது. அதை ஸ்பேனர் இல்லாமல், இரண்டு விரலால் திருகிக் காட்டினார். திரும்பியது.

நியூட்ரல் என்பது என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பும் வழி அது. அது விட்டுப்போனால், ஒரு ஃபேஸில் இருக்கும் லைட்டும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் மெஷினும் வரிசையாக இணைந்து 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைவாக இருக்கிற பக்கத்துக்கு வோல்டேஜ் ஏறும், அதிகமாக இருக்கிற பக்கத்துக்கு இறங்கும். அதனால்தான் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு. பெரிய அரவை மோட்டார்கள் மூன்றும் தப்பித்துவிட்டன, அவற்றுக்கு நியூட்ரலே வேண்டாம். சின்னச் சாமான்கள்தான் போயின. லக் என்பது கேபிள் முனையில் அழுத்திப் பொருத்துகிற செம்புக் காது. 35 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கு 50 சைஸ் லக்கைப் போட்டு, அழுத்தும் கருவி இல்லாமல் சுத்தியலால் அடித்திருந்தார்கள். இரண்டு மாதமாக அந்த இடம் சூடாகிக்கொண்டே இருந்திருக்கிறது. பிளாஸ்டிக் கருகினால் மீன் கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை வரும், அது வரவில்லையா என்று கேட்டார் அங்கிள். மிளகாய் நெடியில் யாருக்கு என்ன வாடை தெரியும்? யோசித்துப் பார்த்தால், ஹீட்டர் போடும்போதெல்லாம் ஆபீஸ் லைட் லேசாகத் துடித்தது. லைட் துடிப்பதைப் பார்த்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். நான் பழகிக்கொண்டேன்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று கொஞ்சம் தைரியமாக இருந்தேன். சேதத்தை மதிப்பிட அவர்களுடைய அசெஸர் வந்தார், நல்ல மனிதர்தான், டீ குடித்தார், எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார். பிறகு மூன்று காகிதம் கேட்டார். புது வேலைக்கான சிஓசி, அதன் சோதனை அறிக்கை, கான்ட்ராக்டரின் பதிவுச் சான்று. வாட்ஸ்அப் போட்டோவைக் காட்டினேன். அறிக்கைக்காகக் கான்ட்ராக்டரின் மனைவிக்குப் போன் போட்டு, ஆளைத் தேடி வீட்டுக்கே போய், இரண்டு நாள் கழித்து அதுவும் கைக்கு வந்தது. அதை அங்கிளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவர் சிரித்துவிட்டார், அது எனக்கு அப்போது பிடிக்கவில்லை. எல்லா சர்க்யூட்டுக்கும் ஒரே இன்சுலேஷன் எண். கரண்ட் கசிந்தால் அறுத்துவிடும் எர்த் லீக்கேஜ் பிரேக்கரே இல்லாத மோட்டார் லைனுக்குக்கூட 28 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆனதாக எழுதியிருந்தது. தேதி, கேபிள் வந்து இறங்குவதற்கு நாலு நாள் முந்தியது. இதையெல்லாம்விட முக்கியமானது கையெழுத்து. இங்கே சிஓசியில் கையெழுத்துப் போடும் பதிவு பெற்றவர்களில் மூன்று வகை உண்டு. சிங்கிள் ஃபேஸ் மட்டும் சோதிக்கலாம் என்பவர், த்ரீ ஃபேஸும் பார்க்கலாம் என்கிற இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீஷியன், வெடிக்கக்கூடிய இடங்கள், மருத்துவமனை போன்ற சிறப்பு வேலைகளுக்கு மாஸ்டர். என் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டவர் முதல் வகை. என் கட்டடம் த்ரீ ஃபேஸ். அதாவது அவர் வீடுகளுக்குப் போடலாம், எனக்குப் போட முடியாது. அவர் என் இடத்துக்கு வந்ததே இல்லை என்பது வேறு விஷயம். க்ளெய்ம் தள்ளுபடி.

ஆகவே கான்ட்ராக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு காகிதம். தொழிலாளர் துறையில் அவருடைய நிறுவனம் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டராகப் பதிவு செய்திருக்கிறதா, அது ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டியது, இந்த வருடத் தேதி இருக்கிறதா. அப்புறம், கடைசியில் சர்டிபிகேட்டில் யார் கையெழுத்துப் போடப் போகிறார், அவருடைய பதிவு அட்டை எந்த வகை. இரண்டாவதைக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றாது. வேலை ஆரம்பிக்கும் முன்பே அந்த ஆள் ஒரு தடவை நேரில் வந்து உங்கள் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். வரத் தயங்கினால் காரணம் இருக்கும். கூடவே, அவருடைய ஆட்களுக்கு வேலையில் அடிபட்டால் ஈடு கிடைக்க நிதிக்குப் பணம் கட்டியிருக்கிறார் என்ற நற்சான்றுக் கடிதம் ஒன்று உண்டு, அதையும் வாங்குங்கள். பாதுகாப்புச் சட்டத்தின் 37(2) பிரிவுப்படி ஒரு ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கட்டடத்தில் அவர் ஆள் செய்கிற தவறுக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும். என் கூரை மேல் ஒரு பையன் செருப்போடு ஏறி கேபிள் இழுத்துக்கொண்டிருந்தான், அவன் விழாதது என் அதிர்ஷ்டம். இன்சூரன்ஸ்காரர்களிடமும், புது மெஷின் வைக்கிறேன், உங்களுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று முதலிலேயே ஈமெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது வேலை அங்கிளுக்கே போயிற்று, 2,06,000. முதலில் தனி ஆய்வு நிறுவனம் ஒன்றை வரவழைத்து இருப்பதை அறிக்கையாக எழுதி வாங்கச் சொன்னார், அதற்கு 9,500. வழக்கு என்று போனால் அங்கிள் சொல்வதைவிட அந்த அறிக்கைக்கு மதிப்பு என்றார். பழைய கேபிளில் நாற்பதாயிரம் ரேண்ட் மதிப்புக்கு எடுத்து உபயோகித்துக்கொண்டார், அந்த மட்டும் நல்லது. போர்டைத் தூள் பறக்கும் அறையிலிருந்து வெளியே தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து, தூசி நுழையாத ஐபி 65 பெட்டிக்குள் வைத்தார். வோல்டேஜ் கூடினாலோ குறைந்தாலோ ஃபேஸ் விட்டுப்போனாலோ அறுத்துவிடும் ரிலே ஒன்று போட்டார். எரிந்துபோன பேக்கிங் மெஷின் போர்டு ஒன்றின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது அது. கரண்ட் போய் வந்தால் எந்த மெஷினும் தானாக ஓடாது, ஒவ்வொன்றாகப் பச்சை பட்டனை அமுக்க வேண்டும், முதலில் குளிர் அறை, ஐந்து நிமிடம் கழித்து அரவை. சப்ளை கூட்டும் விண்ணப்பத்தை அவர் போட்டபோது ரசீதை எனக்கே நேராக வரும்படி செய்தார். அது வரும்வரை பெரிய மெஷினும் இரண்டு சின்ன மெஷினும் சேர்ந்து ஓட முடியாதபடி இன்டர்லாக் போட்டுவிட்டார், உற்பத்தி குறைந்தது, தூக்கம் வந்தது.

பணம் கொடுக்கிற முறையையும் அவரே சொல்லிக்கொடுத்தார், எனக்கு வெட்கமாக இருந்தது. பொருள் வந்து இறங்கி, பில்லையும் கேபிள் டிரம்மில் எழுதியிருக்கும் சைஸையும் நான் பார்த்த பிறகு பொருளுக்கான பணம். சுவருக்குள்ளும் மூடிக்குள்ளும் மறையப் போகிற எல்லாவற்றையும் மூடும் முன் போட்டோ. கடைசி இருபது சதவீதம், சிஓசியும் அறிக்கையும் கைக்கு ஒரிஜினலாக வந்த பிறகு. சோதனை அன்றைக்கு நீயும் கூட நில் என்றார். நின்றேன், நாள் முழுக்க. ஒவ்வொரு லைனாக மெகர் வைத்து, 500 வோல்ட் கொடுத்து, இன்சுலேஷன் பார்த்து, மகன் எண்ணைச் சொல்ல இவர் எழுதினார். ஒவ்வொரு லைனுக்கும் வேறு வேறு எண் வந்தது. ஒரு மெகாஓமுக்குக் கீழே இறங்கக் கூடாதாம். பழைய லைட் லைன் ஒன்று 0.4 காட்டியது, அதை அறுத்துப் புதிது இழுத்த பிறகுதான் மேலே போனார். உண்மையான அறிக்கை எப்படி இருக்கும் என்றால், எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், நடுவில் ஒரு அடித்தல் திருத்தலோடு இருக்கும்.

எரிந்ததன் விலை 1,17,000. அதில் பேக்கிங் மெஷின் போர்டுகள் 64,000, குளிர் அறை 31,000, மீதி கம்ப்யூட்டர், கேமரா, தராசு. ஒன்பது பேருக்கு 23 நாள் கூலி, வேலை இல்லாவிட்டாலும் கொடுத்தோம், 52,000 பக்கம். வீணான பழைய வேலை 1,09,000. ஆய்வுக்குக் கொடுத்த 9,500-ஐயும் கூட்டினால் முதலில் சொன்ன எண் வரும். சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றார்கள், வக்கீல் இல்லாமலே வாதாடலாம்தான், ஆனால் அங்கே அப்போது 20,000 ரேண்டுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். பெரிய கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் செலவு. வக்கீல் நோட்டீஸ் மட்டும் அனுப்பினேன். போலிச் சர்டிபிகேட் பற்றித் தொழிலாளர் துறைக்கு அறிக்கையோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணம் திரும்பி வரவில்லை, பிடித்து வைத்த 36,000-ஐ நானும் கொடுக்கவில்லை.

அந்த ஆடியில் கஞ்சிக்குப் போனோம், போகாமல் இருக்க முடியாது, மனைவிக்கு வேண்டுதல். அவர் அங்கே அண்டாவுக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றுகொண்டிருந்தார். வரிசை நகர்ந்து என் முறை வந்தது. கப்பை நிறைய ஊற்றி, அண்ணா என்று நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு அடுத்து நின்றவர் புதிதாகப் பேக்கரி ஆரம்பிக்கிறவர், ஓவன் எல்லாம் இறக்கியாகிவிட்டதாம், ஒயரிங்குக்கு நல்ல ஆள் யாராவது தெரியுமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்திருந்தார். அவரை அப்படியே கஞ்சியோடு கார் பக்கம் கூட்டிப்போய், போனில் இருக்கும் இரண்டு சோதனை அறிக்கைகளையும் காட்டினேன், 28, 28, 28 என்று போகிற அதையும், அங்கிள் எழுதிய அடித்தல் திருத்தல் உள்ளதையும். கஞ்சி ஆறிவிட்டது. அவர் தன் கொட்டேஷனை எடுத்துக் காட்டினார், ஒரே பக்கம்.